நெய்ப்பந்தம்

ஊரைவிட்டுத் தலைநகருக்குப் பிழைக்க வந்த நம்மவரிடம் ஊர்ச் சாவுகள் முன்பு தந்தியாக வந்தன. பிறகு தொலைபேசி மணியாக வந்தன. தந்தியை 2013இல் நிறுத்திவிட்டபடியால் நம் பிள்ளைகளுக்கு அதன் அச்சம் தெரியாது. எனக்கு அச்செய்தி 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அலுவலகப் பிரிவின் பொதுத் தொலைபேசியில் வந்தது. முற்பகல் பதினொரு மணி.

"அப்பாயி போயிட்டாங்கப்பா" என்றார் என் தந்தையார். "நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். வெயில் காலம், வைக்க முடியாது."

அப்பாயிதான் என்னை வளர்த்தவர். கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் சிற்றூர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் என் சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வார்.

பன்னிரண்டாம் வகுப்போடு எழுத்தர் வேலைக்கு வந்த நான், அப்போது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பிற்பகல் கடைசித் தாள். அதைத் தந்தையாரும் அறிவார். "ரயில்ல நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். பரீட்சையை எழுதிட்டு வா" என்று கூறி வைத்துவிட்டார்.

அவர் கணக்கு சரியே. 1976 முதல் நம்மைச் சுமந்துவரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் தொலைவை அந்நாளில் முப்பத்துமூன்று மணி நேரத்தில் கடந்தது. அன்றிரவே ஏறினாலும் மூன்றாம் நாள் காலை சென்னை. அப்பால் ஏழெட்டு மணி நேரப் பேருந்து. இந்தக் கணக்கைத்தான் இருபது ஆண்டுகளாக யார் கேட்டாலும் சொல்லி வருகிறேன்.

சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. பக்கத்து மேசையில் கட்வால் மலைநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வுக்கு இரண்டாண்டே மீதமிருந்த பெரியவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, பணத்தை அன்றுதான் கொண்டுவந்திருந்தார். அந்த உறையை என் மேசைமேல் வைத்தார். "மாலை விமானத்தில் போ, காலையில் ஊரில் இருப்பாய்" என்றார். தேர்வு இருக்கிறதென்றேன். "தேர்வு டிசம்பரில் மறுபடி வரும், பாட்டி மறுபடி சாவாளா?" என்று இந்தியில் கேட்டார்.

ஜூனில் விட்டதை டிசம்பரில் எழுதலாம் என்பது எனக்கும் தெரியும். விமானக் கட்டணமோ என் மாதச் சம்பளத்தை விஞ்சும். கடனுக்கு அஞ்சினேன் என்பது பாதி உண்மை. மற்றப் பாதியை இன்றுதான் எழுதுகிறேன்: "எழுதிட்டு வா" என்று தந்தையார் சொன்னபோது, துக்கத்துக்கு முன்பாக, ஒரு நிம்மதி என்னுள் எழுந்தது. அழுகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே அம்முகத்தைப் பார்க்க வேண்டாம், முடிவு என்னுடையதன்று. உறையைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது. சன்னல் வழியே லூக் காற்று அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மூன்று மணி ஆனபோது பேனாவை வைத்துவிட்டேன். எத்தனை நிமிடம் அப்படி இருந்தேனோ, மேற்பார்வையாளர் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அன்றிரவு முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்தாகிவிட்டது. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரீட்சை நல்லா எழுதினியா?" என்றே அத்தைமார் கேட்டனர். பேரன் டில்லியில் பட்டப் படிப்புத் தேர்வு எழுதுகிறான் என்று தந்தையார் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தபோது, பெரியப்பா மகன் தன் பங்குக்கு ஒன்றும் என் பேருக்கு ஒன்றுமாக இரு கையிலும் பிடித்தானாம். இடக்கையில் நெய் ஒழுகிச் சுட்டிருந்த தழும்பைக் காட்டினான். "இது ஒன்னோடது" என்று சிரித்தான்.

விமானத்தையும் உறையையும் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தந்தையார் இருந்தவரை திறக்கவேயில்லை.

தேர்வு முடிவு வந்ததும் பிரிவு முழுவதற்கும் லட்டு வழங்கினேன். கட்வால் பெரியவரும் எடுத்துக்கொண்டார். எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். அந்தக் கடைசித் தாளில் நாற்பத்தொன்று.