கொடுவா சொன்ன ரகசியம்

மல்லிகை ஊர்க்காரனுக்கு மீன் காலேஜ்ல என்ன வேலைன்னுதானே கேட்கிறீங்க? நிலக்கோட்டையில எங்கப்பாவும் அதைத்தான் கேட்டார். அடம்பிடிச்சு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் செமஸ்டர்லயே ரெண்டு அரியர். வீட்ல மூச்சு விடலை!

அப்போதான் கொடுவா மீன் பாடம் வந்தது. சின்ன வயசுல ஆணா இருந்து, வளர்ந்தபிறகு பெண்ணா மாறுற மீன் அது. கடல்ல இருந்தா நிலா, அலை, உப்பு எல்லாம் 'இப்போ முட்டையிடு'ன்னு சிக்னல் கொடுக்கும். தொட்டியில? நல்லா தின்னும், கருமுட்டையும் வளரும். ஆனா, பெரும்பாலும் கடைசிக் கட்டத்துல அப்படியே நின்னுடும். மெல்லிய குழாய் விட்டு கருமுட்டையை எடுத்துப் பார்ப்பாங்க. 0.4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா, ஹார்மோன் ஊசி. ஒன்றரை நாளுக்குள்ள முட்டை மிதக்கும். சென்னையில உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இதை இந்தியாவுல முதன்முதலா சாதிச்சது.

'மீன் மேல தப்பில்லை, சிக்னல்தான் வரலை'ன்னார் வாத்தியார். எனக்குச் சுருக்குன்னுது. அன்னிக்கே சீனியர் அண்ணன்கிட்ட உட்கார்ந்து படிச்சேன். அப்பாவுக்கும் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். திட்டலை. "மொட்டுக்கும் நேரம் இருக்குடா"ன்னார்.

நீங்க வீட்ல சொல்லிட்டீங்களா?