பேத்தியின் பூட்ஸும் என் முழங்காலும்

"தாத்தா, எனக்கு ஸ்டட் வச்ச ஷூ வேணும். அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று பேத்தி வந்து நின்றாள். பதினொரு வயது. பள்ளிக்கூட கால்பந்து அணிக்கு அவளை எடுத்திருக்கிறார்கள். ஷூ வாங்குவது சின்ன விஷயம். அவள் அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய விஷயம்.

மருமகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வேண்டாம் மாமா. அந்த வியாசர்பாடிப் பொண்ணு விஷயம் மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. சென்னையில் யாரால் மறக்க முடியும்? 2022 நவம்பர். பதினேழு வயது, கல்லூரியில் முதலாம் ஆண்டு, கால்பந்து வீராங்கனை. முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் போட்ட கட்டு இறுக்கமாக இருந்து ரத்த ஓட்டம் தடைபட்டது. காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நவம்பர் 15-ஆம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோனாள். அன்று டிவியை அணைத்துவிட்டு நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகளின் பயத்தை நான் எப்படித் தப்பென்று சொல்வேன்?

ஆனால் அந்தப் பெண்ணைக் கொன்றது பந்து இல்லை. இதை மருமகளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சொல்லும்போது என் வலது முழங்காலையும் காட்ட வேண்டி வந்தது.

1984-ல் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டர்னர். சாயங்காலம் ஷிப்ட் முடிந்தால் மைதானம்தான். கம்பெனிகளுக்குள் நடந்த ஒரு ஆட்டத்தில், பந்தோடு சட்டென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, பூட்ஸ் திரும்பவில்லை. ஆணி மாதிரி ஸ்டட் மண்ணில் குத்தி நின்றுவிட்டது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம். இரண்டு மணி நேரத்தில் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது.

என்ன செய்தோம்? நண்பர்கள் சூடாக எண்ணெய் தேய்த்தார்கள். மறுநாள் ஒரு கட்டு வைத்தியரிடம் போய் இழுத்துவிட்டு வந்தேன். வீக்கம் வடிந்ததும், மூன்றாவது வாரமே மறுபடி ஆடினேன். மறுபடி விழுந்தேன். இப்படியே ஐந்தாறு முறை. ரிடையர் ஆன பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் டாக்டர் சொன்னார்: முன் சிலுவைத் தசைநார் என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை, குருத்தெலும்பும் தேய்ந்துவிட்டது என்று. இன்று மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறேன்.

"ஆடினதால இப்படி ஆகலைம்மா. அடிபட்டப்போ என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாததால ஆச்சு" என்றேன். மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி மாமா, ஆனா பொறுப்பு உங்களோடது" என்றாள். அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வீட்டில் ஆடுகிற பிள்ளை உள்ளவர்களுக்கு உதவலாம்.

முதலில் சாமான். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, நேரு ஸ்டேடியம் பக்கம் பெரியமேட்டுக் கடைகளுக்குப் போனோம். பேத்தியின் கண் போனது பளபளவென்று நீளமான ஸ்டட் வைத்த ஷூவின் மேல். அது புல்தரைக்கானது. எங்கள் பக்கத்து மைதானங்கள் எப்படி? ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் எங்கே போனாலும் பாதி கட்டாந்தரை, பாதி சரளை. வெயிலில் சிமெண்ட், மழையில் சேறு. அந்தத் தரையில் நீளமான ஸ்டட் உள்ளே இறங்காது. உடம்பின் பாரமெல்லாம் நாலைந்து புள்ளியில் நின்று குதிகாலைக் குத்தும். நமக்குத் தேவை, குட்டையான ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள ஷூ. அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் டர்ஃபுக்கும் அந்தக் குட்டை ஸ்டட்தான் நல்லது. நீள ஸ்டட் அதில் மாட்டிக்கொண்டால் என் கதைதான்.

அடுத்து அளவு. "ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, அடுத்த வருஷமும் ஆகும்" என்பது நம் வீட்டு வேதம். பள்ளிக்கூட ஷூவுக்குச் சரி, இதற்கு ஆகாது. உள்ளே கால் வழுக்கினால் கொப்புளம் வரும், கணுக்கால் பிசகும். ஆடும்போது போடும் அதே தடிமனான சாக்ஸைப் போட்டு, சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

ஷூவில் மிச்சம் பிடித்த காசில் ஷின் கார்டு வாங்கினேன். கால்பந்து விதிகளில் நாலாவது விதிப்படி அது கட்டாயம். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே தொடங்கிக் கணுக்காலுக்குச் சற்று மேலே முடிய வேண்டும். "நாங்கல்லாம் வெறுங்காலோட ஆடினவங்க" என்று கடையில் ஒரு பெரியவர் சிரித்தார். என் தலைமுறையின் பெருமை அது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடித்தான் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்குப் பிறகு இங்கே பூட்ஸ் கட்டாயமாயிற்று. பெருமை பேச நன்றாக இருக்கும், முழங்காலுக்குக் கீழே அடி வாங்கிப் பார்த்தால் தெரியும்.

பந்திலும் ஒரு விஷயம். பெரியவர்கள் ஆடுவது 5-ஆம் நம்பர், 410 முதல் 450 கிராம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 4-ஆம் நம்பர் போதும், 350 முதல் 390 கிராம். பெரிய பந்தை ஓங்கி உதைத்துப் பழகினால் இடுப்பும் தொடையும்தான் வலிக்கும், ஆட்டம் வராது.

ஆட்டம் எப்படி வரும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த நல்ல கோச் காம்பவுண்டு சுவர்தான். ஐந்தடி தள்ளி நின்று பாதத்தின் உள்பக்கத்தால் தட்ட வேண்டும். திரும்பி வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கி மறுபடி தட்ட வேண்டும். வலது காலில் ஐம்பது, இடது காலில் ஐம்பது. பேத்திக்கு முதலில் இடது கால் வரவே இல்லை, அழுதாள். இப்போது எதிர்வீட்டுக்காரர்தான் அழுகிறார், சத்தம் தாங்காமல்.

உடம்பைத் தயார்செய்வதில்தான் நாங்கள் அந்தக் காலத்தில் கோட்டைவிட்டோம். இரண்டு சுற்று ஓடிவிட்டு இறங்கிவிடுவோம். இன்று ஃபிஃபாவே '11+' என்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. இருபது நிமிடம். எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம், பத்து நிமிடம் வயிறு, தொடை, ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். ஒரு பைசா செலவில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. சிறு பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நாலு நாடுகளில் 7 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

இதில் பெண்பிள்ளைகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது, குதித்து இறங்கும் விதம். என்னுடைய கிழிந்த தசைநார் இருக்கிறதே, அது பெண்களுக்குக் கிழிய ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம். இறங்கும்போது முட்டி மடங்க வேண்டும், இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாயக்கூடாது. பேத்தி தினம் எங்கள் வீட்டு வாசல் படியிலிருந்து பத்து தடவை குதிக்கிறாள். முட்டி எங்கே போகிறது என்று நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

கடைசியாக வலி. இதைத்தான் மருமகளிடமும் உட்காரவைத்துச் சொன்னேன். வளரும் வயதில் குதிகாலிலும் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலும் வலி வருவது உண்டு. அது சோம்பேறித்தனம் இல்லை. வளரும் எலும்பைத் தசை இழுப்பதால் வருவது. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். கணுக்கால் பிசகினால் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைத்து, காலை உயரமாகத் தூக்கி வைக்க வேண்டும். எண்ணெய் தேய்க்கக்கூடாது, இழுக்கக்கூடாது. முட்டியில் 'டக்' சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கினால் அன்றே எலும்பு டாக்டர். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் நான் செய்த தப்பு. தசைநார் அறுவைச் சிகிச்சை ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன் மைதானம் பக்கம் போகக்கூடாது.

எந்தக் கட்டு போட்டாலும், யார் போட்டாலும், விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். விரல் சில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். "கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்கக்கூடாது. கத்தியாவது காட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே குரல் கம்மிவிட்டது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன சனிக்கிழமை முதல் ஆட்டம். நாலு கோல் வாங்கித் தோற்றுவிட்டு வந்தாள். முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது. சாக்ஸை இறக்கி ஷின் கார்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நடுவில் ஸ்டட் கிழித்த ஒரு நீளக் கோடு.

மருமகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து மகளின் காலைத் தன் மடியில் வைத்து, பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு அடியே படலை. கட்டும் போடலை!"

"சும்மா இருடி. பழகிக்கறேன்."