மன்றாட்டுப் பெட்டி

அக்டோபர் செபமாலை மாதமல்லவா? ஒவ்வோர் ஆண்டும் எங்கள் சிற்றாலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். மாணவியர் தம் மன்றாட்டுகளைச் சீட்டில் எழுதி அதில் போடுவோம். சென்ற ஆண்டு, "கணினி அறையிலும் ஒன்று வைத்தால் என்ன?" என்றார்கள் சிஸ்டர். பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஒரே பெருமை எனக்கு!

ஒரு வலைப்பக்கம், எழுத ஒரு கட்டம், கீழே 'அனுப்பு' என்றொரு பொத்தான். வருவதைக் கோப்பில் சேர்க்கும் நிரலைச் சிஸ்டரே எழுதித் தந்தார்கள். நான் நீலப் பின்னணியும் செபமாலைப் படமும் போட்டேன். அந்தப் படத்திற்குச் செலவிட்ட நேரத்தில் பாதியைப் படிவத்திற்குக் கொடுத்திருக்கலாம்.

முதல் நாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். எழுதி முடித்து 'என்டர்' விசையைத் தட்டினாள். பக்கம் ஒரு கணம் மறைந்து, வெறுங் கட்டத்தோடு திரும்பி வந்தது. போகவில்லையென்று எண்ணி மீண்டும் எழுதித் தட்டினாள். "அக்கா, போயிடுச்சா?" என்றாள். அருகில் சென்ற நான் திடுக்கிட்டேன். மேலே முகவரிப் பட்டையில், கேள்விக்குறிக்குப் பின்னால், அவள் மன்றாட்டு அப்படியே நின்றது! தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். சொற்களுக்கிடையே கூட்டல் குறிகள். என் பின்னால் தோழியர் இருவர். அது அவள் வீட்டைப் பற்றியது. இங்கே எழுதமாட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

எம்முறையில் அனுப்புவதென்று நாம் குறிப்பிடாவிட்டால் உலாவி தானாகவே 'கெட்' முறையை எடுத்துக்கொள்ளுமாம். 1995இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். 2.0இலேயே அப்படித்தான். எழுதியது முகவரியோடு ஒட்டிச் செல்லும். உலாவியின் வரலாற்றிலும் தங்கும். தேடும் பக்கத்திற்கு அது வசதி. மன்றாட்டுக்கு? கோப்பைத் திறந்தால் அவளுடையது இரண்டு முறை இருந்தது.

அன்று மாலை சிஸ்டர் உடனிருக்க எல்லாவற்றையும் மாற்றினேன். முதலில் வரலாற்றை அழித்தேன். முறையைப் 'போஸ்ட்' ஆக்கினேன். இனி எழுதியது முகவரியில் தெரியாது. 'பிரிவென்ட் டிஃபால்ட்' என்னும் கட்டளையால் பக்கம் தானாகத் தாவுவதைத் தடுத்து, மன்றாட்டைப் பின்னணியில் அனுப்பச் செய்தேன். ஒருமுறை அழுத்தியதும் பொத்தான் மங்கிவிடும். கோப்பில் சேர்ந்த பிறகே "கிடைத்தது" என்று வரும். சேராவிட்டால், எழுதியது கட்டத்திலேயே இருக்கும். பொத்தானும் மறுபடி உயிர் பெறும்.

மறுநாள் அச்சிறுமியைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். கணினி அறைக்கு வந்து பார்த்தாள். "யார் படிப்பாங்க?" என்றாள். "சிஸ்டர் மட்டும்" என்றேன். சற்று நேரம் முகவரிப் பட்டையையே பார்த்துவிட்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். பிறகு விசைகளின் ஓசை கேட்டது.