கைப்பேசியும் கையெழுத்துப்படியும்

கைப்பேசி ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கின்றது. எனினும் அதன் ஆற்றலில் ஒரு சிறு பங்கையேனும் நாம் பயன்கொள்கின்றோமா என்பது ஐயமே. நானும் நெடுநாள் அதனைத் தொலைபேசியாக மட்டுமே கருதியிருந்தேன். மணி ஒலித்தால் எடுப்பேன். பேசி முடித்தால் சட்டைப்பையில் இடுவேன். அதனை ஏடாகவும் எழுதுகோலாகவும் ஆளக் கற்றது ஓர் இழப்பினால் நேர்ந்தது. அவ்விழப்பை முதலிற் கூறுகின்றேன்.

1984ஆம் ஆண்டில் மதுரைக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரில் நான் தமிழாசிரியனாய் அமர்ந்தேன். அங்கே கமலை இறைப்பு அப்பொழுது முற்றும் நின்றுவிடவில்லை. எருதுகள் சரிவில் இறங்க, சால் நீரோடு மேலே வரும். சாலைத் தூக்கும் பருங்கயிறு ‘வடம்’. அதன் தோல்வாயை இழுத்துக் கட்டும் மெல்லிய கயிறு ‘வால்கயிறு’. இத்தகைய சொற்களை உழவரிடமும் குயவரிடமும் கொல்லரிடமும் கேட்டுக் கேட்டுக் குறித்துவந்தேன். ‘பம்புசெட்டு’ வந்ததும் கமலை போயிற்று. கமலை போனதும் அதனைச் சார்ந்த சொற்களும் போகத் தொடங்கின. பதினெட்டு ஆண்டுகளில் நான்கு குறிப்பேடுகள் நிரம்பின. 3,000 சொற்களுக்கு மேல் சேர்ந்தன. 2002ஆம் ஆண்டில் அவற்றை ஒரு கணிப்பொறி நிலையத்தில் தட்டெழுதச் செய்து, ஒரு குறுந்தட்டில் வாங்கி வைத்தேன். வைத்தேன் என்பதைத் தவிர, அதன்பின் அதற்காக நான் செய்தது யாதும் இல்லை.

சென்ற ஆண்டு பழைய பெட்டியைத் திறந்தபோது குறிப்பேடுகளில் மூன்றைக் கரையான் தின்றிருந்தது. நான்காவது ஏடு ஈரத்தால் ஒட்டிப் பாறைபோல் கிடந்தது. குறுந்தட்டு மட்டும் கெடாதிருந்தது. என் மகன் அதனைத் தன் அலுவலகக் கணிப்பொறியிலிட்டு, உள்ளிருந்த கோப்பை என் கைப்பேசிக்கு அனுப்பினான். ஆவலோடு திறந்தேன். ஒரு தமிழெழுத்தும் இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகத் திரை முழுதும் பொருளற்று விரிந்து கிடந்தது. சொற்களைச் சொன்னவர்களுள் பெரும்பாலார் மறைந்துவிட்டனர். இனி யாரிடம் சென்று கேட்பேன்? அன்றிரவு உணவு செல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தி மறுநாள் அதனைப் பார்த்தாள். “தாத்தா, எழுத்து அழியவில்லை. இது பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இந்தக் கைப்பேசியில் இல்லை, அவ்வளவுதான்” என்றாள். அவள் சொன்னதன் விளக்கம் இது: முற்காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் போர்த்திவைத்தவை. போர்வை நீங்கினால் ஆங்கிலமே தோன்றும். 1991ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறி என்னும் முறையிலோ தமிழெழுத்துகளுக்கெனத் தனியெண்கள் உண்டு. ககரத்தின் எண் 2965. நம் சிறப்பு ழகரத்தின் எண் 2996. எந்நாட்டுக் கருவியிலும் அவ்வெண் மாறாது. ஆதலின் ஒருங்குறியில் எழுதியது எங்கும் தமிழாகவே நிற்கும்.

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் எழுத்துருவின் பெயர் தெரியவேண்டும். எனக்கு அது நினைவில்லை. இரண்டு பெயர்களைக் குத்துமதிப்பாக இட்டுப் பார்த்தோம். முன்னினும் பெருங்குழப்பமே விளைந்தது. பிறகு நான் அத்திரையை ஏட்டுச்சுவடி பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தேன். அரைப்புள்ளி வரிதோறும் மிகுந்திருந்தது. எனினும் ஒரு சொல்லும் அதில் தொடங்கவில்லை. சொற்களின் இறுதியில் அது பெரிதும் நின்றது. மெய்யின் புள்ளியன்றி வேறெது அவ்வாறு நடக்கும்? பனையோலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிட்டு எழுதுவதில்லை. அவற்றைப் படித்து நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்றோர் புள்ளியில்லாமல் இடர்ப்பட்டனர். எனக்கோ புள்ளி ஒன்றே வழிகாட்டியாயிற்று. முகப்பில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. ‘தமிழ்’ என்று கூவிவிட்டேன். பேத்தி அவ்வைந்து குறிகளையும் அப்படியே தேடுபொறியில் இட்டாள். அது பாமினி என்னும் எழுத்துரு என்பது தெரிந்தது. பெயர் தெரியாத எழுத்துருவைக் கண்டறிய இஃது எளிய வழி.

மாற்றியில் இட்டதும் ‘ஏர்க்கால்’, ‘மேழி’, ‘நுகத்தடி’ என என் சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அந்நேரத்தில் என் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாங்கள் முதலிற் பதிவிறக்கிய செயலி ஒன்று, கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களைப் பார்க்க இசைவு கேட்டது. எழுத்தை மாற்றும் செயலிக்கு என் உறவினரோடு என்ன வேலை? அதனை உடனே நீக்கிவிட்டோம். ஒரு செயலி எதனைக் கேட்கின்றது என்று படியாமல் ‘சரி’ என்னும் பொத்தானை அழுத்துதல் நம்மவரிடம் பெருவழக்காய்ப் போயிற்று.

மாற்றியும் முற்றறிவு உடையதன்று. செடிகொடிகளுக்கு நான் ஆங்கில எழுத்தில் தந்திருந்த அறிவியற் பெயர்களையும் அது தமிழென்றே எண்ணி மாற்றிவைத்தது. அவற்றை யெல்லாம் திருத்த வேண்டும். என் கண்ணுக்கோ எழுத்து சிறிது. அமைப்புகள் என்னும் பகுதியில் எழுத்தின் அளவைப் பெருக்க இடமுண்டு என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். ஐந்தாண்டாகக் கண்ணைச் சுருக்கி வருந்தியது வீண்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியை முதலில் ஆண்டேன். பொதுநடைக்கு அது நன்று. கடிதம் எழுத உதவும். ஆனால் வட்டார வழக்கை அது அறியாது. ‘கமலை’ என்றேன், ‘கமலா’ என்று எழுதிற்று. ஆகவே விரலையே நம்பினேன். விசைப்பலகைகளுள் என் மனத்துக்கு உகந்தது தமிழ்99. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அது உருவாயிற்று. அதன் இடப்புறம் உயிர், வலப்புறம் மெய். மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கின்றது. வகுப்பறையில் நான் கற்பித்த அதே முறை. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் புள்ளி தானே ஏறும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்பன போதும். மெல்லினத்தின் பின் அதற்கு இனமான வல்லினம் வரினும் அவ்வாறே: ப, ந, த, உ என்றால் ‘பந்து’ ஆகும். புள்ளி வேண்டாத ‘மமதை’ போன்ற சொல்லில், முதல் மகரத்தின்பின் அகரத்தையும் அழுத்தவேண்டும். மாணவர்களே, இனவெழுத்தைக் கற்பிக்கும்போது ‘இதனால் என்ன பயன்?’ என்று என்னைக் கேட்டவர் பலர். அவர்களுள் ஒருவரேனும் இப்பலகையை ஆள்வாராயின் என் முகத்தை நினைத்துக்கொள்வார்.

தேடுதலிலும் இலக்கணமே துணை. கோப்பினுள் ‘மரம்’ என்று தேடினேன். சில இடங்களே அகப்பட்டன. ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்பவற்றைக் கருவி விட்டுவிட்டது. மகரவீறு கெட்டு அத்துச்சாரியை புகும் என்பது அதற்குத் தெரியாதன்றோ! மாறாத பகுதியாகிய ‘மர’ என்பதை மட்டும் இட்டேன், எல்லாம் வந்தன. இணையத்தில் ஒரு தொடரை அப்படியே தேடவேண்டின், அதனை இரட்டை மேற்கோட்குறிக்குள் இடுக. இல்லையேல் சொற்கள் தனித்தனியே சிதறிய பக்கங்களும் வந்து குவியும்.

திருத்தி முடிக்க நான்கு திங்கள் ஆயின. இப்பொழுது அக்கோப்பு என் கைப்பேசியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, பேத்தியின் விரலியில் ஒன்று என மூவிடத்தில் இருக்கின்றது. ஓலைச்சுவடிகள் நின்றதும் படியெடுத்தோர் இருந்தமையால்தானே. ஒரே குறுந்தட்டை நம்பி இருபது ஆண்டுக்குமேல் வாளாவிருந்த என்னை எண்ணினால் எனக்கே நாணமாயிருக்கின்றது.

ஒரு நாள் ‘கேட்க’ என்னும் சொல்லைத் தற்செயலாகத் தேடினேன். பொருள் தெளிவாகாத சொற்களின் எதிரே ‘மறுமுறை கேட்க’ என்று இளமையில் நானே குறித்திருந்தேன். அத்தகையவை 41 இருந்தன. கேட்பதாகச் சொன்னவன் கேட்கவில்லை. கடந்த திங்கள் பேத்தியை அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றேன். தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர்தம் இசைவைப் பெற்று, கைப்பேசியின் ஒலிப்பதிவைத் தொடங்கி, அதனை அவர் முன் வைத்தோம். “இதை இப்ப எவன் கேட்கிறான்?” என்று நகைத்தார், பிறகு சொல்லத் தொடங்கினார். இதுவரை ஏழு சொற்களுக்குப் பொருள் கிடைத்திருக்கின்றது. வரும் ஞாயிறன்று மீண்டும் வரச் சொல்லியிருக்கின்றார்.