சப்ரிசா என்னும் பெயர்

2005ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் ‘லிவர்பூல் 3, சப்ரிசா 0’ என்றொரு வரியைக் கண்டோம். ஜப்பானில் நடைபெற்ற கழகங்களுக்கான உலகக் கோப்பையின் அரையிறுதி அது. நம் கண் தேடியது லிவர்பூலை மட்டுமே. ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டக்காரர் பெயர்களைப் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த நாம், சப்ரிசா என்பது ஏதோ ஓர் ஊராக இருக்கும் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். அது ஊரின் பெயர் அன்று, ஒரு மனிதரின் பெயர் என்பதை அறியச் சில ஆண்டுகள் ஆயின.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில், 1935 ஜூலை 16 அன்று ரொபெர்த்தோ ஃபெர்னாண்டஸ் என்பவர் இளைஞர்களைத் திரட்டி ஒரு கால்பந்தாட்டக் குழுவைத் தொடங்கினார். உதவி நாடி அவர் அணுகிய மனிதர் ரிக்கார்தோ சப்ரிசா. 1901இல் எல் சால்வதோர் நாட்டில் கத்தலான் பெற்றோருக்குப் பிறந்தவர். பார்சிலோனா நகரின் எஸ்பான்யோல் கழகத்துக்காக ஆடியவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினின் சார்பில் டென்னிஸ் களத்திலும் இறங்கியவர். பின்னர் கோஸ்டா ரிக்காவில் குடியேறி நெசவாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். அவருடைய பெயரையே குழுவுக்குச் சூட்டினார்கள். தொடங்கியவர் தம் பெயரை ஒதுக்கிவிட்டுப் புரவலரின் பெயரை வைத்தது நன்றியுணர்வாலா, நாளைக்கும் உதவி கிடைக்க வேண்டுமே என்ற முன்யோசனையாலா என்று பிரித்துப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

1948 டிசம்பரில் கோஸ்டா ரிக்கா தன் ராணுவத்தைக் கலைத்தது. அடுத்த ஆண்டு சப்ரிசா முதல் பிரிவில் கால்வைத்தது; 1952இல் முதன்முறையாக நாட்டின் சாம்பியன் ஆயிற்று. ஆனால் இக்கழகத்தின் வரலாற்றில் நம்மை அதிகம் ஈர்ப்பது 1959ஆம் ஆண்டுதான். பெருங்கழகங்கள்கூட எண்ணிப் பார்க்காத வகையில் அவ்வாண்டு சப்ரிசா உலகைச் சுற்றப் புறப்பட்டது. 25 நாடுகள், 22 ஆட்டங்கள். அவ்வாறு உலகச் சுற்றுப்பயணம் செய்த முதல் லத்தீன் அமெரிக்கக் கழகம் அதுவே. கோஸ்டா ரிக்கா உலகக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 1990இல் என்பதை நினைத்தால், நாட்டுக்கு முப்பதாண்டுகள் முன்னரே அதன் கழகம் உலகத்தின் வாசலைத் தட்டிவிட்டது புரியும்.

வெற்றிகளின் பட்டியலை விரிக்கும் ஆர்வம் நமக்கில்லை. 1972 முதல் 1977 வரை தொடர்ந்து ஆறு முறை சாம்பியன். 2024இல் 40ஆவது பட்டம். 1972இல் தலைநகரை அடுத்த திபாஸில் சொந்த அரங்கம் எழுந்தது. அதற்கும் புரவலரின் பெயர்தான். ஊதாச் சட்டைக்காரர்களை ‘ஊதா அரக்கன்’ என்று அழைக்கும் ரசிகர்களுக்கு அந்த அரங்கம் ‘அரக்கனின் குகை’.

2003இல் அந்தக் குகை கைமாறியது. வாங்கியவர் மெக்சிகோவின் தொழிலதிபர் ஹோர்கே வெர்காரா. மெக்சிகோ நாட்டவரை மட்டுமே ஆடவைக்கும் மரபுகொண்ட குவாதலஹாரா கழகத்தின் உரிமையாளரும் அவரே. கோஸ்டா ரிக்காவின் கழகத்தை அந்நியர் ஒருவர் விலைக்கு வாங்குவதா என்று கேட்கத் தோன்றுகிறது. நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஆயினும் கழகம் தாங்கிநிற்கும் பெயரே வெளியிலிருந்து வந்தவர் ஒருவருடையது அல்லவா? ஒருவர் வந்து தங்கினார், மற்றவர் வாங்கினார் என்ற வேறுபாடு உண்டு. அது சிறிய வேறுபாடன்று. 2011இல் உரிமை மீண்டும் கோஸ்டா ரிக்கர்களிடம் வந்து சேர்ந்தது.

விந்தை என்னவெனில், கழகத்தின் ஆகப்பெரிய ஆண்டு அந்த மெக்சிகோக்காரரின் காலத்தில்தான் வாய்த்தது. அதுவும் ஒரு மெக்சிகோக் கழகத்தை வென்று. 2005 மே மாதம் கான்ககாஃப் கோப்பையின் இறுதியில் பூமாஸ் கழகத்தைச் சொந்த மண்ணில் 2-0 என வீழ்த்திய சப்ரிசா, மெக்சிகோ நகரில் 1-2 எனத் தோற்றபோதும் மொத்தக் கோல் கணக்கில் முந்தியது. பயிற்றுநர் ஹெர்னான் மெட்ஃபோர்ட். 1990 உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஸ்வீடனுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர் அவரே.

அவ்வெற்றியே அவர்களை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது. முதல் ஆட்டத்தில் கிறிஸ்தியான் போலான்யோஸ் அடித்த ஒரே கோலில் சிட்னி வீழ்ந்தது. அடுத்து லிவர்பூல்: பீட்டர் கிரவுச் இரண்டு, ஸ்டீவன் ஜெரார்ட் ஒன்று. நாம் நாளிதழில் கண்ட வரி அதுதான்.

இறுதியாட்டம் முடிந்தபின் லிவர்பூல் சாவ் பாவ்லோவிடம் தோற்ற செய்தியை வருத்தத்துடன் படித்தோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தின் முடிவை நாம் தேடவில்லை. சவூதி அரேபியாவின் அல் இத்திஹாத் 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. அல்வாரோ சபோரியோ பெனால்டியில் சமன் செய்தார். பின்னர் ரொனால்ட் கோமெஸ் மூன்றாவது கோலை அடித்தார்.