மிருதங்கத்துக்கு ப்ரீசெட் இல்லை

கச்சேரிப் பதிவுகளை மிக்ஸிங் செய்யக் கற்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்த ப்ரீசெட் நல்லது என்பதே. பெங்களூருவில் இசையொலி குறித்து ஆய்வு செய்பவன் நான். ஆய்வுக்கான பதிவுகளையும் நானே கலந்து பழகியவன். என் விடை சற்று வேடிக்கையாகத் தோன்றலாம்: மென்பொருளைத் திறக்குமுன் சர் சி. வி. ராமனைப் படியுங்கள்.

ராமன் 1933இல் இவ்வூருக்கு வந்தார். அடுத்த ஆண்டே, தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் நம் முழவுகளைப் பற்றி எழுதினார். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆகவே அதற்குத் திட்டமான சுருதியும் இல்லை. மிருதங்க வலந்தலையின் நடுவிலுள்ள கரணை அந்த விதியை மாற்றிவிடுகிறது. தோலின்மேல் மணல் தூவி ஆராய்ந்த ராமன், அதன் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து ஸ்வரங்களாக ஒழுங்குபடுவதைக் காட்டினார். தாளக் கருவியாயினும் அது சுருதியில் நிற்பது இதனால்தான்.

இனி ப்ரீசெட்டுக்கு வருவோம். அவற்றுள் பெரும்பாலானவை மேலைநாட்டு டிரம்ஸுக்காக அமைந்தவை. பெட்டிக்குள் அடைத்தாற்போன்ற ஓசையை நீக்குவதற்காக 400 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் குறைத்துவிடும். ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதன் மும்மடங்கு 393. தம்புராவின் பஞ்சமம் 196. அதன் இருமடங்கும் அங்கேயே வந்து விழுகிறது. கத்தி எதன்மேல் பாய்கிறது என்று பாருங்கள்.

சென்ற ஆண்டு ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மெருகேற்றி வந்த பதிவை, அதில் வாசித்த வித்துவானிடம் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் கேட்டார். “தட்டுற சத்தம் இருக்கு, நாதம் எங்கே போச்சு?” என்றார். மூலத் தடங்களை எடுத்து மறுபடி தொடங்கினேன். முதலில் தம்புரா மட்டும், அதன்மேல் குரல், பின்னர் மிருதங்கம், ஈக்வலைசரே இல்லாமல். (வயலினின் பாடு தனிக்கதை.)

மேடைப் பதிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடகரின் மைக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மிருதங்கம் இருந்தால், அதன் ஒலி ஏறக்குறைய 6 மில்லிவினாடி தாமதமாக அந்த மைக்கிலும் பதிவாகும். இரு தடங்களையும் சம அளவில் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தடத்தை நகர்த்திப் பொருத்துவோர் உண்டு. வாயில் போட்டு கசிவை வெட்டுவோரும் உண்டு. வெட்டினால் குரலைச் சூழ்ந்த அரங்கமும் விட்டுவிட்டு மறைவதால் அது எனக்கு உவப்பில்லை. குரல் மைக்கில் கசிந்து வருவதையும் மிருதங்கமாகவே ஏற்று, அதன் சொந்த மைக்கைத் தணித்தே வைக்கிறேன். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது மட்டும் சற்று உயர்த்துவேன். தம்புராவை அப்போதும் தொடுவதில்லை.