கடலடியில் ஒரு மூச்சு

மூச்சையடக்கி முத்தெடுத்தவர் நம் முன்னோர். மன்னார்க் கடலிலே குளித்த அவர்களுக்குத் துணையாயிருந்தவை தம் நெஞ்சில் அடக்கிய காற்றும், தோணியிலிருந்து கயிறு பிடித்தவனின் கையுமே. இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குவோர் பலர் சிலிண்டரில் அடைத்த காற்றை முதுகிலே சுமந்து செல்கின்றனர். அன்று கயிறு பிடித்தவனிடம் வைத்த நம்பிக்கையை, இன்று காற்று நிரப்புபவனிடம் வைக்கின்றோம்.

அக்காற்றிலே கலந்துவிடக்கூடிய நஞ்சு காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எஞ்சின் புகை காற்றுறிஞ்சும் குழாயினுட் புகுந்தாலும், காற்றமுக்கும் பொறி மிகையாகச் சூடேறி எண்ணெய் கருகினாலும் அது சிலிண்டரைச் சேரும். ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நான்கு மடங்காதலால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 10 பங்காயிருக்கும் நஞ்சு அங்கே 40 பங்குக்கு ஒப்பாகும். ஆழத்தில் மிகுந்திருக்கும் ஒட்சிசன் தீங்கைச் சிறிது நேரம் மறைத்து வைக்கும்; மேலேறும்போது அம்மறைப்பு நீங்க, மயக்கம் வந்து சூழும்.

வடிகட்டியிலுள்ள கரி எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் பிடிக்குமேயன்றி இந்நஞ்சைப் பிடியாது. ஆகவே, நாற்றமில்லாத காற்றெல்லாம் நல்ல காற்றென எண்ணுதல் தவறு. இதற்கென அமைந்தது ஹொப்கலைட்டு. முதல் உலகப் போர்க்காலத்து ஆராய்ச்சியில், நச்சுக்காற்று முகமூடிகளுக்காக உருவான இது, மங்கனீசீரொட்சைட்டும் செப்பொட்சைட்டும் சேர்ந்த ஊக்கி. காபனோரொட்சைட்டைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்துக் காபனீரொட்சைட்டாக மாற்றிவிடும். ஆனால் ஈரம் பட்டால் அதன் ஆற்றல் கெடும். எனவே, காற்றிலுள்ள ஈரத்தை முன்னரே உறிஞ்சி எடுத்தல் வேண்டும். ஈரமுறிஞ்சும் பொருளையும் காலந்தவறாது மாற்றுதல் வேண்டும்.

ஒரு கரையிலே, எஞ்சினின் புகைபோக்கிக்கு இரண்டு முழ தூரத்தில் காற்றுறிஞ்சும் குழாய் கிடக்கக் கண்டோம். கேட்டதற்கு, "இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே, ஐயா" என்றார் நிரப்பியவர். அவர் கெட்டவரல்லர், நாளெல்லாம் உழைப்பவர். ஆயினும் காற்றுத் திசை மாற ஒரு கணம் போதுமன்றோ?

எத்துணைச் சிறந்த ஊக்கியும் இக்கவனக்குறைவுக்கு ஈடாகாது. குழாயைப் புகைக்கு எட்டாத உயரத்தில், காற்று வந்து வீசும் பக்கமாக வைப்பதற்குப் பெருஞ்செலவில்லை. அதன் பின்னரே வடிகட்டி. அதன் பின்னர் அளவுகருவியால் ஒரு சோதனை. கடலுக்குச் செல்லும் பிள்ளையை வழியனுப்பும் வீட்டார், "சிலிண்டர் எங்கே நிரப்பினாய்?" என்று ஒரு சொற் கேட்பதும் நன்று.